புதுமனை புகுந்த பூனைக்குட்டி

அச்சம் என்பது எல்லா உயிர்க்கும் பொதுவானது. மனிதர்க்கும் விலங்குக்கும் பறவைக்கும் அஃது உண்டு. பழகிய இடத்தை விட்டுப் பழகாத இடத்திற் புகும் உயிர் எதுவாயினும் சிறிதேனும் அஞ்சும். முதிர்ந்தோர் அவ்வச்சத்தை அறிவால் அடக்கிக்கொள்வர். இளம் உயிர்களால் அவ்வாறு அடக்க இயலாது. தாயின் அணைப்பையும் உடன்பிறந்தவற்றின் வெம்மையையும் ஒரே நாளில் இழந்து, முன்பின் அறியாத வீடொன்றிற் கொண்டுவந்து விடப்படும் பூனைக்குட்டியின் நிலை இத்தகையது. அதன் அச்சத்தை நீக்கி, அவ்வீட்டைத் தன் வீடென்றே அது உணருமாறு செய்வது எவ்வாறு என்பதை இப்பாடத்திற் காண்போம். இது மிகச் சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆயினும், நம்மினும் எளிய உயிரிடத்து நாம் நடந்துகொள்ள வேண்டிய முறையை இது காட்டுதலின், நன்கு அறிந்துகொள்ளத் தக்கதே ஆகும்.

தமிழர் பூனையை நெடுங்காலமாக உற்று நோக்கி வந்தவர். தொல்காப்பியத்தின் மரபியல், உயிர்களின் இளமைப் பெயர்களாக ஒன்பதனைத் தொகுத்துக் கூறுகின்றது. அவற்றுள் குட்டி என்னும் பெயர், கீரியினத்தைச் சேர்ந்த மூங்கா, வெருகு, எலி, அணில் ஆகிய நான்கிற்கும் உரியது என்பது அந்நூலார் வகுத்த மரபு. வெருகு என்பது காட்டுப்பூனை. பூசை என்னும் பழம்பெயரும் அவ்வியலிலேயே காணப்படுகின்றது. பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிட எண்ணிய பூசையைத் தமக்கு உவமையாகக் கூறித் தம் அவையடக்கத்தைப் புலப்படுத்தினார் கம்பர். பூனைக்குப் பாலின்மீதுள்ள விருப்பம் உலகறிந்தது. ஆனால், அப்பாலே புதுக்குட்டிக்குத் தீங்காவதும் உண்டு. அதனைப் பின்னர் உரிய இடத்திற் கூறுவேன்.

2021ஆம் ஆண்டு ஆவணித் திங்களில் ஒரு மாலைப் பொழுது. ஏழாம் வகுப்பிற் பயின்றுகொண்டிருந்த என் பேர்த்தி, அடுத்த தெருவிலிருந்த தன் தோழியின் வீட்டிலிருந்து ஒரு பூனைக்குட்டியை மஞ்சள் பையில் இட்டுக் கொண்டுவந்தாள். அதற்கு வயது இரண்டு திங்கள் இருக்கும். சாம்பல் நிற உடலும், அதன்மேல் கரிய வரிகளும், உடலுக்குப் பொருந்தாத பெரிய காதுகளுமாக அஃது இருந்தது. வீட்டார் அனைவரும் கூடத்திற் சூழ்ந்துகொண்டோம். ஒருவர் அதனைத் தூக்கினார்; ஒருவர் வாலைத் தொட்டார்; மற்றொருவர் பூனையைப்போலக் கத்திக் காட்டினார். குட்டி கைகளினின்று துள்ளிக் குதித்தது. இமைப்பொழுதில் இரும்புப் பீரோவின் பின்னே சென்று மறைந்துவிட்டது.

அதனை அங்கேயே விட்டிருத்தல் வேண்டும். நான் அவ்வாறு செய்தேனில்லை. தரையிற் படுத்துக் கையை நுழைத்து, அதன் பிடரியைப் பற்றி வெளியே இழுத்தேன். அது சீறிற்று. என் புறங்கையில் மூன்று கீறல்கள் விழுந்தன. 'அன்பு காட்ட வந்தவனுக்கு இதுவா கைம்மாறு?' என்று எனக்குச் சினம் உண்டாயிற்று. பிடி நழுவவே, குட்டி மீண்டும் அவ்விடத்திற் புகுந்துகொண்டது. கிண்ணம் நிறையப் பால் வைத்தோம், அது தீண்டவில்லை. விளக்கணைத்த பிறகு அதன் குரல் கேட்கத் தொடங்கிற்று. இரவு முழுவதும் அது தாயை அழைத்துக்கொண்டே இருந்தது.

"தாத்தா, அதற்கு நம்மைப் பிடிக்கவில்லையா?" என்று என் பேர்த்தி கேட்டாள். அவள் கண்களில் நீர் நின்றது. எனக்கு விடை கூற இயலவில்லை.

மறுநாள் கால்நடை மருத்துவரிடம் சென்று நிகழ்ந்தவற்றைக் கூறினோம். அவ்வம்மையார் குட்டியை நன்கு ஆய்ந்து பார்த்துவிட்டு, "ஐயா, இதற்கு நோய் ஒன்றும் இல்லை, உங்கள்மீது வெறுப்பும் இல்லை. நீங்கள் எல்லாரும் இதற்கு மலைபோலத் தோன்றுகிறீர்கள். இதனை விட்டுவிடுங்கள், அதுவே வரும்" என்றார். 'அதுவே வரும்' என்னும் அவ்விரு சொற்களின் பொருளை முழுவதும் உணர எனக்குப் பத்து நாட்கள் ஆயின. அவர் உரைத்தவற்றையும், பின்னர் நூல்களாலும் கண்கூடாகவும் நான் அறிந்தவற்றையும் இனி முறைப்படக் கூறுவேன்.

முதற்கண், குட்டி அஞ்சுவதற்குரிய காரணங்களை அறிதல் வேண்டும். நம் வீட்டுப் பூனைகள் யாவும் ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை என்னும் இனத்தின் வழிவந்தவை. மேற்காசிய நாடுகளில் மனிதன் உழவு செய்து தானியம் சேர்த்து வைக்கத் தொடங்கியபொழுது எலிகள் பெருகின. அவ்வெலிகளை நாடிக் காட்டுப்பூனைகள் வந்தன. இவ்வுண்மையை 2007ஆம் ஆண்டு வெளிவந்த மரபணு ஆராய்ச்சி உறுதி செய்தது. சைப்ரசுத் தீவில் மனிதன் ஒருவனும் பூனை ஒன்றும் அருகருகே புதைக்கப்பட்ட குழி ஒன்றனை ஆராய்ச்சியாளர் கண்டறிந்து, 2004ஆம் ஆண்டு உலகுக்கு அறிவித்தனர். அப்புதைகுழியின் பழமை சற்றேறக்குறைய 9,500 ஆண்டுகள். மனிதனுக்கும் பூனைக்கும் உள்ள உறவு அத்துணைத் தொன்மையானது.

ஆயினும், பூனை தன் மூதாதையின் இயல்பை முற்றும் விட்டுவிடவில்லை. நாயின் முன்னோர் கூட்டமாக வாழ்ந்து, கூட்டமாக வேட்டையாடியவை. காட்டுப்பூனையோ தனித்து வாழ்வது; தனித்தே வேட்டையாடுவது. சிறிய உயிர்களை அது கொன்று தின்னும். தன்னினும் பெரிய விலங்குகள் தன்னைக் கொன்றுவிடுமே என்றும் அஞ்சும். இடுக்கண் உற்றபொழுது துணைக்கு வர இனத்தார் இலர். ஆதலின், இடுக்கிற் புகுந்து ஒளிந்துகொள்வதே அதற்குக் காப்பு. புதிய வீட்டில் பீரோவின் பின்னும் கட்டிலின் அடியிலும் குட்டி பதுங்குவது நம்மை வெறுத்து அன்று. பல்லாயிரம் ஆண்டுகளாகத் தன் குலத்தைக் காத்து வந்த வழியை அது கைக்கொள்கிறது, அவ்வளவே.

பூனையின் புலன்கள் நம் புலன்களினும் கூர்மையானவை என்பது இரண்டாவது காரணம். ஒரு நொடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலி நம் செவிக்கு எட்டாது. பூனையின் செவியோ 60,000 அதிர்வுகளையும் கடந்த ஒலியைக் கேட்கவல்லது. வளைக்குள் இருக்கும் எலிக்குஞ்சின் மெல்லிய கீச்சொலியைக் கேட்பதற்கென்று அமைந்த அச்செவிக்குக் குக்கரின் சீழ்க்கையும் மிக்சியின் இரைச்சலும் எத்துணைப் பேரொலியாகும்! மணத்தால் உலகை அறிவதிலும் பூனை நம்மினும் வல்லது. அதன் கன்னம், நெற்றி, உள்ளங்கால் ஆகிய இடங்களில் மணச் சுரப்பிகள் உள்ளன. பழகிய பொருள்களின்மீது கன்னத்தை உரசித் தன் மணத்தை அது படியச் செய்கிறது. அம்மணம் உள்ள இடமே அதற்குத் தன்னிடம். புதிய வீட்டிலோ அதன் மணம் எங்கும் இல்லை. எல்லாம் பிறர் மணம். எழுத்தறியாத ஊரிற் புகுந்து, பெயர்ப்பலகை ஒன்றனையும் படிக்க மாட்டாமல் மயங்கி நிற்கும் மனிதனைப்போன்று அது திகைக்கின்றது.

மூன்றாவது காரணம், அது வளர்ந்த முறை. பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரையுள்ள காலமே பூனைக்குட்டி மனிதரோடு பழகிக்கொள்ளுதற்கு ஏற்ற பருவம். அப்பருவத்தில் மனிதரின் மென்மையான கைகளிற் பழகிய குட்டி, பிற்காலத்தில் மனிதரை எளிதில் நம்பும். மொட்டை மாடியிலோ விறகுக் குவியலிலோ மனிதர் முகமே காணாமல் வளர்ந்த குட்டிக்கு நெடுநாள் பொறுமை தேவைப்படும். எட்டு வாரம் நிறையுமுன் குட்டியைத் தாயினின்று பிரித்தல் கூடாது. பன்னிரண்டு வாரம் வரை தாயுடன் இருக்க விடுதல் இன்னும் நன்று. தாயிடமும் உடன்பிறந்தவற்றினிடமும் விளையாடும்பொழுதுதான், எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதையும், நகத்தை எப்பொழுது உள்ளிழுக்க வேண்டும் என்பதையும் அது கற்றுக்கொள்ளுகின்றது. தாய் மடியே அதன் முதற் பள்ளி.

இனி, செய்ய வேண்டுவனவற்றைக் காண்போம். குட்டியைக் கொண்டுவருமுன்னரே வீட்டில் ஓர் அறையை அதற்கென ஒதுக்குதல் வேண்டும். வீடு முழுவதையும் முதல் நாளிலேயே அதற்குத் திறந்துவிடுதல் அன்பாகாது. சிறிய உயிருக்குப் பெரிய வெளி அச்சத்தையே மிகுவிக்கும். ஆள் நடமாட்டமும் ஓசையும் குறைந்த சிற்றறையே ஏற்றது. தனி அறை இல்லாத வீட்டில் அமைதியான ஒரு மூலை போதும். ஒரு பழைய சேலையைத் திரையாகக் கட்டிவிடலாம். அட்டைப் பெட்டி ஒன்றனைக் கவிழ்த்து, அதன் பக்கத்தில் குட்டி நுழையுமளவு வாயில் அமைத்து, உள்ளே துணி விரித்து வைத்தல் வேண்டும். தாய்ப்பூனை படுத்திருந்த துணியிலிருந்து ஒரு துண்டு கொண்டுவந்து அதனுள் இடுதல் மிக நன்று. அவ்வறியாத இடத்தில் அஃதொன்றே அதற்கு அறிந்த மணம். அத்துணியை உடனே துவைத்துவிடுதல் கூடாது.

அட்டைப் பெட்டியின் பயன் ஆராய்ச்சியாலும் மெய்ப்பிக்கப்பட்டுள்ளது. நெதர்லாந்து நாட்டில் ஆதரவற்ற பூனைகளைக் காக்கும் இல்லம் ஒன்றில், புதிதாக வந்த 19 பூனைகளை ஆராய்ந்தனர். பத்துப் பூனைகளுக்கு ஒளிந்துகொள்ளப் பெட்டி அளிக்கப்பட்டது, ஒன்பதற்கு அளிக்கப்படவில்லை. பெட்டி பெற்றவை சில நாட்களிலேயே அச்சம் தணிந்து அமைதியுற்றன. பெறாதவற்றிற்கு அதனினும் மிகுதியான காலம் தேவைப்பட்டது. இம்முடிவு 2014ஆம் ஆண்டு வெளியாயிற்று. ஒளிந்துகொள்ள இடம் தந்தால் குட்டி வெளியே வாராது என்று நாம் நினைக்கின்றோம். உண்மை அதற்கு மறுதலை. ஓடிப் புக ஓர் இடம் உண்டு என்னும் துணிவு இருந்தால்தான் அது வெளியே வரும்.

உணவும் தண்ணீரும் அறையின் ஒரு பக்கத்திலும், மலங்கழிக்கும் தட்டு மற்றொரு பக்கத்திலும் இருத்தல் வேண்டும். உண்ணுமிடத்திற்கு அருகே கழிப்பதைப் பூனை விரும்பாது. விளிம்பு தாழ்ந்த தட்டு ஒன்றில் உலர்ந்த மணலைப் பரப்பி வைத்தாற் போதும். மண்ணைத் தோண்டி மூடும் பழக்கம் அதற்கு இயற்கையாகவே உண்டு. உண்ட பின்னும் உறங்கி எழுந்த பின்னும் குட்டியை மெல்ல அத்தட்டில் விட்டால் விரைவிற் பழகிக்கொள்ளும். தவறி வேறிடத்திற் கழித்தால் அடித்தலும் மூக்கைத் தரையில் தேய்த்தலும் கொடுமை. தான் செய்த தவறு இன்னதென்று அஃது அறியாது. நம் கை கொடியது என்பதை மட்டுமே அறியும். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது என்பது பழமொழி. நம் கையே அதற்கு அடுப்பாகிவிடலாகாது.

இனி உணவைப் பற்றிக் கூறுவேன். தாய்ப்பால் மறந்த பின்னர்ப் பல பூனைகளுக்குப் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் குறைந்துவிடுகின்றது. அத்தகைய குட்டிக்குப் பசும்பாலைக் கிண்ணம் கிண்ணமாக ஊட்டினால் வயிற்றுப்போக்கு உண்டாகும். சிறிய உடலிலுள்ள நீர் விரைவில் வற்றி, உயிருக்கே கேடு நேரலாம். முதல் நாளிரவு எங்கள் குட்டி பாலைத் தீண்டாதது அதன் நற்பேறு என்றே இப்பொழுது கருதுகின்றேன். தூய தண்ணீரே அதற்கு ஏற்ற பானம்.

பூனை இயற்கையிலேயே ஊனுண்ணும் உயிர். டாரின் என்னும் சத்துப்பொருளைத் தன் உடலிற் போதிய அளவு ஆக்கிக்கொள்ள அதனால் இயலாது. இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்துமே பெறுதல் வேண்டும். அச்சத்துக் குறைந்தால் பூனையின் கண்ணொளி கெடும் என்பது 1975ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. ஆதலின், தயிர்ச்சோறு மட்டும் இட்டுப் பூனையை வளர்த்தல் இயலாது. எங்கள் வீட்டில் ஊனுணவு சமைப்பதில்லை. ஆயினும், பூனைக்குட்டிகளுக்கென விற்கப்படும் உணவை மருத்துவர் கூறியவாறு வாங்கி இட்டோம். நம் நோன்பு நமக்கு. அதன் இயற்கை அதற்கு. மீன் சமைக்கும் வீட்டார் முள் நீக்கி வேகவைத்த மீனை இடலாம். ஆனால், குழம்பில் இட்ட மீனைத் தருதல் தவறு. வெங்காயமும் பூண்டும் பூனையின் குருதியணுக்களைச் சிதைப்பவை. இரண்டு திங்கட் குட்டிக்கு நாளொன்றுக்கு நான்கு முறை சிறிது சிறிதாக உணவிடுதல் தகும். முன்பு இருந்த வீட்டில் எதை உண்டதோ அதனையே சில நாட்கள் தந்து, பின்னர் மெல்ல மாற்றுதல் வேண்டும். புதிய இடத்தில் முதல் வேளை உண்ணாதிருப்பது இயல்பு. ஒரு நாள் முழுவதும் உண்ணாதிருந்தால் மருத்துவரிடம் கொண்டுசெல்லுதல் வேண்டும். சிறு குட்டி நெடும்பசி தாங்காது. நாம் காய்ச்சலுக்கு உட்கொள்ளும் பாராசிட்டமால் மாத்திரையை அதற்கு ஒருபொழுதும் தருதல் கூடாது. நமக்கு மருந்தாகும் அது பூனைக்கு உயிர் போக்கும் நஞ்சு.

இவற்றையெல்லாம் செய்தபின் நாம் செய்ய வேண்டுவது யாது? காத்திருத்தல். இதுவே யாவற்றினும் அரியது. மருத்துவர் சொற்படி, என் பேர்த்தி நாள்தோறும் மாலையில் அவ்வறையிற் சென்று தரையில் அமர்ந்தாள். நின்றால் நாம் மலை, அமர்ந்தால் சிறு குன்று, அச்சம் குறையும். அவள் குட்டியை நோக்காமல் தன் பாடத்தைத் தாழ்ந்த குரலிற் படித்துக்கொண்டிருந்தாள். ஒரே குரலை ஒரே நேரத்தில் நாள்தோறும் கேட்டுவந்தமையால் குட்டிக்கு அக்குரல் பழகிற்று. முதல் இரண்டு நாள் பெட்டிக்குள்ளிருந்து இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. மூன்றாம் நாள் மூக்கு வெளிப்பட்டது. ஐந்தாம் நாள் அவள் அமர்ந்திருக்கும்பொழுதே வெளிவந்து உணவு உண்டது. புத்தகத்தின் தாள் புரண்ட ஓசை கேட்டதும் மீண்டும் பெட்டிக்குள் ஓடிற்று. அவள் பின்தொடரவில்லை.

பூனையை இமையாமல் உற்றுப் பார்த்தல் ஆகாது. அதன் மொழியில் அஃது அச்சுறுத்தல். மெல்லக் கண்களைச் சுருக்கி, மூடித் திறந்தால் அதனை அது நட்புக் குறியாகக் கொள்ளுகின்றது. இங்கிலாந்து நாட்டு ஆராய்ச்சியாளர் இதனைச் சோதித்து, 2020ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டனர். அவ்வாறு கண்மூடித் திறந்த மனிதரை நோக்கிப் பூனைகளும் கண்களைச் சுருக்கின. அவர் நீட்டிய கையருகே வரவும் துணிந்தன. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிட்டதென்று நினைக்கும் என நாம் எள்ளி நகையாடுவது உண்டு. எதிரில் இருப்பவரை நம்பினாலன்றி எவ்வுயிரும் கண்ணை மூடாது என்பதை நாம் எண்ணிப் பார்த்தோமில்லை.

குட்டி அருகே வந்ததும் அள்ளி எடுத்தல் கூடாது. ஒரு விரலை அதன் மூக்கின் உயரத்தில் அசையாமல் நீட்டுதல் வேண்டும். அது மோந்து பார்க்கும். கன்னத்தை உரசினால் தொடுவதற்கு உடன்பட்டது என்பது பொருள். விலகினால் இன்று வேண்டா என்பது பொருள். முதலிற் கன்னத்தையும் மோவாயையும் மெல்லத் தடவலாம். வயிற்றையும் வாலையும் தொடலாகாது. தூக்க நேர்ந்தால் ஒரு கையை மார்பின் கீழும் மற்றொரு கையைப் பின்னங்கால்களின் கீழும் கொடுத்துத் தாங்குதல் வேண்டும். கயிற்றில் கட்டிய காகிதத்தை இழுத்து விளையாட்டுக் காட்டினால் அச்சத்தை விரைவில் மறக்கும். நம் விரல்களை விளையாட்டுப் பொருளாக்கினால், வளர்ந்தபின் கடிக்கும் பழக்கம் நிலைத்துவிடும். விளையாட்டு முடிந்ததும் கயிற்றை எடுத்து வைத்துவிடுதல் வேண்டும். அதனை விழுங்கினால் குடலிற் சிக்கித் துன்புறுத்தும்.

காதுகள் பின்னோக்கிப் படிந்திருத்தல், உடலைக் குறுக்கித் தரையோடு ஒட்டியிருத்தல், மயிர் சிலிர்த்தல், கண்மணி விரிதல், சீறுதல் ஆகியன அச்சத்தின் குறிகள். சீற்றத்தைச் சினமென்று பிழையாகக் கொண்டு நாமும் சினத்தல் அறியாமை. வாலைச் செங்குத்தாக நிமிர்த்திக்கொண்டு நம்மை நோக்கி வருதல், முன்னங்கால்களால் துணியைப் பிசைதல், கால்களை நீட்டி உறங்குதல் ஆகியன அச்சம் தீர்ந்தமைக்கு அறிகுறிகள். குறுகுறுவென்னும் தொண்டை ஒலி பெரும்பாலும் மகிழ்ச்சியைக் காட்டும். நோயுற்றபொழுதும் பூனை அவ்வாறு ஒலிப்பதுண்டு ஆதலின், அதனை மட்டும் நம்புதல் ஆகாது.

ஓர் அறையில் நன்கு பழகிய பின்னரே அடுத்த அறையைத் திறத்தல் வேண்டும். சில குட்டிகள் மூன்று நாளிற் பழகும்; சிலவற்றிற்கு மூன்று வாரமும் போதா. கிணறு, நீர்த்தொட்டி, துணி துவைக்கும் பொறி ஆகியன மூடியிருத்தல் வேண்டும். வண்டியை இயக்குமுன் அதன் அடியிற் பார்த்தலும் நன்று. நோய்த் தடுப்பூசிகளை எட்டாம் வாரம் அளவில் தொடங்கி, மருத்துவர் குறிக்கும் நாட்களில் இடுதல் வேண்டும். தடுப்பூசி இட்ட பூனையாயினும், அது கடித்தாலோ கீறினாலோ அவ்விடத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே பெரியோரிடம் கூறி மருத்துவரைக் காணுதல் இன்றியமையாதது. வெறிநோய் கண்டபின் உயிர் பிழைத்தல் மிக அரிது ஆதலின், இதனை மறைத்தல் கூடவே கூடாது. என் கீறல்களுக்காக நானும் அன்றே மருத்துவமனை சென்று ஊசி இட்டுக்கொண்டேன்.

பத்தாம் நாள் மாலை நான் சாய்வு நாற்காலியில் அமர்ந்து படித்துக்கொண்டிருந்தேன். காலில் ஏதோ மெல்லப் பட்டது. குனிந்து நோக்கினேன். எந்தக் கை பிடரியைப் பற்றி இழுத்ததோ அந்தக் கைக்குரிய என் காலில், குட்டி தன் கன்னத்தை உரசிக்கொண்டிருந்தது. நான் அசையவில்லை. 'அதுவே வரும்' என்ற சொல் அப்பொழுதுதான் எனக்கு முழுமையாக விளங்கிற்று.

அவ்வாண்டுத் தீபாவளி வந்தது. தெருவில் முதல் வெடி முழங்கியதும் குட்டி கூடத்தின் நடுவே திடுக்கிட்டு நின்றது. பீரோவின் பின்புறம் வெறுமையாகத்தான் இருந்தது. பெட்டியும் தன் இடத்தில் இருந்தது. அது அவ்விரண்டையும் நாடவில்லை. நேரே ஓடிவந்து என் பேர்த்தியின் மடியிற் புகுந்து, அவள் பாவாடையின் மடிப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அவள் கையிலிருந்த மத்தாப்புப் பெட்டியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, உள்ளறைக்குச் சென்று கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே ஓசை அடங்கும்வரை, அவள் தாழ்ந்த குரலிற் பாடம் படிக்கும் ஒலி கேட்டுக்கொண்டே இருந்தது.

மாணவர்களே! ஓர் உயிரின் அச்சத்தைக் கையால் பிடித்திழுத்துப் போக்க இயலாது. அதற்கு இடம் தர வேண்டும். காலம் தர வேண்டும். நம்மை நம்புவதா என்று தானே முடிவு செய்யும் உரிமையையும் தர வேண்டும். நாற்பதாண்டு ஆசிரியனாக இருந்தவன் நான். ஆண்டின் இடையில் வேற்றூரிலிருந்து வந்து, கடைசி வரிசையில் தலை கவிழ்ந்து அமர்ந்த பிள்ளைகளை எத்தனையோ முறை எழுப்பி நிறுத்தி, "ஏன் வாய் திறவாய்?" என்று அதட்டியிருக்கின்றேன். அப்பிள்ளைகளின் முகங்கள் இப்பொழுது என் நினைவுக்கு வருகின்றன. உங்கள் வகுப்பிற்கும் அத்தகைய ஒருவர் வரக்கூடும். அவரைச் சூழ்ந்து நின்று வினாக்களால் துளைத்தல் வேண்டா. அருகே சற்று இடம் விட்டு அமருங்கள். உங்கள் பாடத்தைப் படியுங்கள்.

அவரே வருவார்.